இலவசக் கருவி விளக்கம்

பாயிரம்

நூல் என்று ஒன்றைத் தொடங்கினால் அதன் முகப்பில் இன்னின்ன செய்தி இருக்க வேண்டும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் சட்டம் போட்டுவிட்டார். எட்டுச் செய்தி என்றார். இன்னும் மூன்றைக் கூட்டிச் சொல்வாரும் உண்டு என்றார். கூட்டிச் சொல்வார் கட்சியில் சேர்ந்துகொண்டு தொடங்குகிறேன்.

இந்நூலை ஆக்கியவர், தமிழ் எடுத்துப் படிக்கும் இரண்டாமாண்டு பி.எட். மாணவி. வழி, சீனியர் அக்கா விட்டுச் சென்ற ரெக்கார்டு நோட்டு; ஆகவே அது முதல்நூல், இது வழிநூல். எல்லை, வடக்கே தலைமையாசிரியர் அறை, தெற்கே சத்துணவுக்கூடம். இவற்றுக்கு நடுவே நிற்கும் வேப்பமரத்தைச் சுற்றித்தான் என் போனுக்கு இரண்டு கோடு சிக்னல் வருகிறது. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு நான்கனுள் இது தொகுத்தல்; கல்லூரியில் கேட்டால் விரித்தல் என்பேன். கேட்போர், மதிப்பெண் போடுபவர்கள். பயன், அந்த மதிப்பெண். காலம், இரண்டாமாண்டில் பள்ளியில் கழிக்க வேண்டிய 16 வாரம். களம், ஓர் அரசு உதவிபெறும் பள்ளியின் பழைய நூலக அறை. தமிழ், கணிதம், இயற்பியல், வரலாறு என்று நாங்கள் நான்கு பயிற்சி ஆசிரியர்கள் அங்கே ஓர் உடைந்த பூகோள உருண்டையோடு குடியிருக்கிறோம். நுதலிய பொருள் போகப்போகத் தெரியும். மிச்சம் இருப்பது காரணம். அதைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

பள்ளிப் பயிற்சி முடிந்ததும் ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலில் பாடக்குறிப்பு, சார்ட், ஃபிளாஷ் கார்டு, செயலாய்வு இவற்றோடு ‘வகுப்பறைக்கு உதவும் இலவச இணையக் கருவிகள் பத்து’ என்று ஓர் அறிக்கையும் இருந்தது. முதல்நூலைத் திறந்தேன். குண்டு குண்டான கையெழுத்து, பச்சை ஸ்கெட்ச்சில் தலைப்பு. நாலாவது கருவி எட்மோடோ. ‘ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இத்தளத்தில் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று எழுதி, கீழே சிவப்பு மையில் ‘மிக நன்று’. நானும் பங்கேற்கலாமே என்று முகவரியைத் தட்டினேன். தளம் இல்லை. 2008-இல் பிறந்த எட்மோடோவை 2022 செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள். அக்கா பயிற்சிக்குப் போனது 2024-இல். கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான் எங்கடி திறந்து பார்த்தேன்? எனக்கு முந்தின பேட்ச் நோட்டுல இருந்துச்சு.”

இல்லாத ஊருக்குப் போகாத வழியை இரண்டு தலைமுறை பத்திரமாகக் கைமாற்றி, இரண்டு முறை ‘மிக நன்று’ வாங்கியிருக்கிறது. கடல் கொண்ட நூல்களின் பெயரை மட்டும் சொல்லிக் காப்பாற்றிய உரையாசிரியர் மரபு பி.எட். கல்லூரிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2018-இல் மூடிய விக்கிஸ்பேசஸ், 2022-இல் எட்மோடோ, 2024 கடைசி நாளோடு போன கூகுளின் ஜாம்போர்டு ஆகிய மூன்றையும் ‘இறந்துபட்டன’ என்னும் முதல் வகையில் வைக்க. மற்றெல்லா வகைகளும் இதை நோக்கியே நடந்துகொண்டிருக்கின்றன என்பது இவ்வகையின் சிறப்பு.

பத்துக் கருவியையும் நானே திறந்து, தொட்டு, வகுப்பில் வைத்துப் பார்த்துத்தான் எழுதுவது என்று அன்றைக்குச் சபதம் எடுத்தேன். சபதம் எடுத்த இடம் வேப்பமரத்தடி.

பெயரியல்

‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலம் படும் பாடு நமக்கு இல்லை. நம்மிடம் மூன்று சொல் இருக்கின்றன. மூன்றும் மூன்று பொருள்.

இலவசம் என்பது சோப்புக்குச் சீப்பு. கொடுப்பவர் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்; அந்தக் கணக்கு நமக்குத் தெரியாது, அவ்வளவே. விலையில்லா என்பது அரசு கொடுப்பது. 2011-இல் மடிக்கணினித் திட்டம் வந்தபோது அரசாணையிலும் மேடையிலும் ‘இலவச’ என்று சொல்லாமல் ‘விலையில்லா’ என்றார்கள். வாங்குபவர் கூச்சப்படக்கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். விலை உண்டு, வரியாக முன்னமே கட்டியாயிற்று என்பது என் உரை. பிளஸ் டூ படித்தபோது எனக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில்தான் இதை எழுதுகிறேன். பேட்டரி செத்துவிட்டது, ஒயரைப் பிடுங்கினால் நூலும் போய்விடும்.

மூன்றாவது, கட்டற்ற. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்துத் தொடங்கிய வழக்கு இது. எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்த்து மாற்றலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்று நான்கு உரிமை. காசு வாங்கினாலும் கட்டற்றது கட்டற்றதே. காசு வாங்காவிட்டாலும் இலவசம் இலவசமே. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்று போட்டுக்கொள்வதைப் பார்த்து, கட்டணமற்ற என்பதில் எழுத்து விட்டுப்போயிற்று என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

முதல்நூலில் உள்ள பத்தில் எட்டு இலவசம், இரண்டு கட்டற்றவை. விலையில்லாதது ஒன்றுகூட இல்லை. 2017-இல் வந்த தீக்ஷா தளம் இல்லை. 2018 முதல் நம் பாடநூல்களிலேயே பாடத்துக்குப் பாடம் அச்சாகும் க்யூஆர் குறியீடு இல்லை. 2023-இல் குறளிலிருந்து பெயர் எடுத்து வைத்த மணற்கேணி செயலியும் இல்லை. உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது. விலையில்லா மாடு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஜியோஜீப்ரா எவ்வகையைச் சாரும் என்று அறையில் கணிதக்காரர் ஒரு கடா எழுப்பினார். 2001-இல் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகச் செய்த கருவி அது. வட்டத்தையும் சமன்பாட்டையும் ஒரே திரையில் கட்டிப்போடும். சமன்பாட்டில் ஓர் எண்ணை மாற்றினால் வட்டம் வீங்கும். வணிகமல்லாத பயனுக்குக் காசு கிடையாது. 2021-இல் பைஜூஸ் அதை வாங்கியது. 2024-இல் பைஜூஸே திவால் வழக்கில் போய் நின்றது. ஆகவே விடை: கருவிக்கு வகை பிறப்பால் வருவதில்லை, இன்று யார் கையில் இருக்கிறதோ அதனால் வருவது. நாளைக்கு மீண்டும் கேட்க வேண்டும்.

ஆகாதன

நன்னூல் பாயிரத்தில் ஆசிரியர் ஆகாதவருக்கு நான்கு உவமை உண்டு: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. பி.எட். முதலாண்டில் இதை மனப்பாடம் செய்தபோது எங்களுக்கு வகுப்பெடுத்த நான்கு பேரை நினைத்துக்கொண்டோம். அது தவறு. பவணந்தியார் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு முன்னதாகவே இணையத்தளங்களுக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்.

கழற்குடம் என்பது கழற்சிக்காய் நிரப்பிய குடம். போட்ட வரிசையில் திரும்ப வராது. கவிழ்த்தால் எது முன்னே விழும் என்று சொல்ல முடியாது. சென்ற மாதம் தமிழய்யா விடுப்பில் போனதால், பயிற்சி ஆசிரியர் கையில் கொடுக்கவே கொடுக்காத பத்தாம் வகுப்பு ஒரு நாள் என் கைக்கு வந்தது. தொகைநிலைத் தொடர். முந்தின இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் உவமைத்தொகைக்குப் பத்து எடுத்துக்காட்டு கேட்டேன். மூன்றே வினாடி. மலர்விழி, முத்துப்பல், பவளவாய் என்று கொட்டியது. ஆறாவதாக முகமலர், எட்டாவதாகக் கைமலர். மலர்க்கை என்றால் மலர் போன்ற கை, உவமை. கைமலர் என்றால் கையாகிய மலர், உருவகம். சொல் முன்பின் மாறினால் இலக்கணமே மாறிவிடும் என்பதுதான் அந்தப் பாடம். சுட்டிக்காட்டினேன். மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முகமலரை அப்படியே வைத்துவிட்டு, சரியாக இருந்த முத்துப்பல்லைப் பிடுங்கிவிட்டது. குடத்துக்குள் எல்லாக் காயும் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. கை விடுகிறவருக்கு முன்னமே இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் ஏன் கை விடப்போகிறார் என்பது கடா. நேரமில்லாததால் என்பது விடை.

மடற்பனை ஏற முடியாத மரம். கருக்கு கையைக் கிழிக்கும். பழம் தானாக விழுந்தால் உண்டு. காணொளிப் பாடம் ஒன்றுக்காக ஒரு தளத்தைப் பிற்பகல் இரண்டேகாலுக்குத் திறந்து, சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தின் கீழ் 36 மாணவர்களோடு நின்றேன். மூன்று ஐம்பதுக்கு விழுந்தது. அப்போது வகுப்பில் நானும் துடைப்பமும் இருந்தோம்.

பருத்திக்குண்டிகை, பஞ்சு அடைத்த வாய் குறுகிய கலம். அடைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக, எடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக. இலவசம் என்ற பெயரில் உலவுவனவற்றுள் இவையே மிகுதி. பத்துக் கேள்வி தட்டச்சு செய்ய விடும், ஐந்தைத்தான் அச்செடுக்க விடும். படம் வரைய விடும், இறக்கும்போது தன் பெயரைக் குறுக்கே முத்திரை குத்தும். கணிதக்காரர் பித்தாகரஸ் தேற்றத்துக்கு ஒரு போஸ்டர் செய்தார். நாலு வண்ணம், நல்ல எழுத்துரு. முத்திரை சரியாகக் கர்ணத்தின் மேல் விழுந்தது. ‘சார், இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏன் இங்கிலீஷ்ல பேர் போட்டிருக்கு?’ என்று எட்டாம் வகுப்பு கேட்டது. கர்ணத்துக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டு என்று சொல்லிவிட்டாராம்.

இனி முடத்தெங்கு. வேலியோரத்தில் வளைந்து வளரும் தென்னை. நாம் வேரில் தண்ணீர் ஊற்ற, இளநீர் அடுத்த வீட்டு முற்றத்தில் விழும். இலவசக் கருவி பற்றி உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட அத்தனை எச்சரிக்கையும் இந்த ஒரு மரத்தில் அடங்கும்.

பயிற்சித்தாள் தரும் ஒரு தளத்தில் பதிவு செய்தேன். போன் எண் கேட்டது. முன்னெச்சரிக்கையாக அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். பயிற்சித்தாள் வந்தது, ‘சரியான விடையைத் தேர்ந்தெடுக்க’ என்பதில் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நின்றது. மறுநாள் காலை அம்மாவுக்கு அழைப்பு. ‘மேடம், உங்க குழந்தை எத்தனாவது படிக்குது?’ அம்மா, ‘எங்க பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க’ என்று ஆரம்பித்து, நல்ல இடம் இருந்தால் சொல்லும்படி அந்த விற்பனைப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டார். பயிற்சி வகுப்பு விற்க வந்தவர் என் ஜாதகத்தோடு போனார். அன்றுமுதல் அவ்வெண்ணுக்கு வாரத்துக்கு நாலு அழைப்பு.

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஒன்று முதல் ஆறுவரை பகுத்தவர் தொல்காப்பியர். கருவிகளையும் அவ்வாறே பகுக்கலாம் என்று அன்று தோன்றியது. பகுப்பின் அடிப்படை, அது நம்மைப் பற்றி எவ்வளவு அறிகிறது என்பது. ஓரறிவுக் கருவி, நாம் வந்தோம் போனோம் என்பதை மட்டும் அறியும். ஈரறிவு, மின்னஞ்சலையும் அறியும். மூவறிவு, போன் எண். நாலறிவு, நாம் நிற்கும் இடம். ஐயறிவு, போனில் உள்ள படங்களையும் ஊர்க்காரர்களின் எண்களையும். ஆறாவது மனம், நாம் அடுத்து எதைத் தேடுவோம் என்பதை நமக்கு முன்பே அறிவது. தொல்காப்பியத்தில் அறிவு கூடக்கூடச் சிறப்பு. இங்கே தலைகீழ்.

விளையாட்டாகச் சொன்னாலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. பல தளங்கள் ‘உனக்குப் பதின்மூன்று வயது ஆயிற்றா’ என்று கேட்பது 1998-இல் அமெரிக்கா இயற்றிய சிறார் தனியுரிமைச் சட்டத்தால். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கோட்டைப் பதினெட்டில் போட்டிருக்கிறது; பதினெட்டு நிறையாதவரின் தரவை வாங்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக்கூடாது. ஆக, பள்ளிக்கூடம் முழுவதும் குழந்தைதான். கொரோனா காலத்தில் 49 நாட்டு அரசுகள் பரிந்துரைத்த கல்விக் கருவிகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆராய்ந்து 2022-இல் அறிக்கை விட்டது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது, குழந்தைகளின் உரிமைக்கு ஊறு செய்யக்கூடிய வகையில் தரவைக் கையாண்டன. எட்டாம் வகுப்பில் ஒருவன் வினாடிவினாத் தளம் ஒன்றில் பிறந்த ஆண்டு 1984 என்று போட்டு உள்ளே போய்விட்டான். எப்படிடா என்றேன். ‘எங்கப்பா பொறந்த வருஷம் மிஸ். அவருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு, ஆனா ஒப்புதல்தான்.’ சட்டத்தின் எழுத்தை நிறைவேற்றிவிட்டான் என்றே கருதினேன்.

ஆவன

நல்லாசிரியருக்கும் நான்கு உவமை. நிலம், மலை, நிறைகோல், மலர்.

மலை, அளக்க முடியாதது, எவ்வளவு எடுத்தாலும் குறையாதது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகம் ஏற்றி வைத்திருக்கும் பக்கம். மூன்றும் ஓரறிவு. பெயர் கேட்கா, எண் கேட்கா. அழகும் கிடையாது; லெக்சிகன் பக்கத்தைப் பார்த்த இயற்பியல்காரி, ‘சர்வர் எரர் வந்திருக்கு பாரு’ என்றாள். மலைக்கு என்ன அலங்காரம்.

நிலம், உழைப்புக்குத் தக்கபடி விளைவது. 2001-இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் செய்காட்சிகளை இங்கே வைக்கிறேன். பலவற்றுக்குத் தமிழாக்கம் உண்டு. கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால் வேப்பமரமே வேண்டாம். இயற்பியல்காரி மின்சுற்றுச் செய்காட்சியைத் தன் மடிக்கணினியில் ஓடவிட்டு ஏழாம் வகுப்பைச் சுற்றி நிறுத்தினாள். பதினைந்து அங்குலத் திரை, நாற்பது தலை. ஒயர், மின்கலம், பல்பு. இழுத்து ஒட்டினால் எரியும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது, திரைக்குள் பல்பு மட்டும் எரிந்தது. ஒருவன் மின்கலத்துக்கு மேல் மின்கலமாக அடுக்கிக்கொண்டே போக, திரையில் தீப்பிடித்தது. ஆரவாரம். ‘நெஜத்துலயும் இப்படி எரியுமா மிஸ்?’ ‘அதனாலதான் உன்னை லேபுல விடறதில்லை.’ அதற்குப் பிறகு பத்து நிமிடம் ஒவ்வொருவராக வந்து தீப்பிடிக்காமல் பல்பு எரிய வைத்தார்கள். ஓம் விதி என்ற சொல்லை அவள் அன்று சொல்லவே இல்லை. பாடக்குறிப்பில் ஐந்து இடத்தில் எழுதியிருந்தாள்.

நிறைகோல் என்றால் தராசு. இந்த வகைக்கு எனக்குக் கிடைத்த கருவியை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நேரம் பேசினேன். பெயர் பிளிக்கர்ஸ். மாணவரிடம் போன் வேண்டாம், கணினி வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை. அட்டையில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உரு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று எறும்பு அளவு எழுத்து. சொல்ல விரும்பும் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், ஆசிரியர் தன் போனின் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் போதும். யார் எந்த விடை என்று திரையில் விழும். எழுத்து சிறியது, உரு ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்ப வழியில்லை.

ஏ4 தாளில் இரண்டு அட்டை வீதம் 19 தாள். ஜெராக்ஸ் கடையில் 38 ரூபாய். எட்டாம் வகுப்பு பி பிரிவு வேப்பமரத்தை ஒட்டியது; சன்னலோரம் நின்றால் ஒரு கோடு வரும். பெயர்களைப் பதியச் சொன்னது கருவி. நான் வரிசை எண்ணை மட்டும் கொடுத்தேன். அறிவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தமிழய்யா வாசலில் நின்று, ‘என்னம்மா இது, கோலப் போட்டியா?’ என்றார்.

பாடம், வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும். முப்பது நிமிடம் நடத்திவிட்டு வழக்கம்போல ‘புரிஞ்சுதா?’ என்றேன். ‘புரிஞ்சுது மிஸ்’ என்று கூரை அதிர்ந்தது. பலகையில் எழுதினேன்: வந்த, பையன். மிகுமா, மிகாதா? அட்டைகள் எழுந்தன. போனை ஓட்டினேன். 38 பேரில் 23 பேர் மிகும் என்றார்கள். ‘அந்தப் பையன்’ என்று சற்று முன் சொல்லிக்கொடுத்தேன் அல்லவா, ‘வந்த’ என்பதும் அதே மாதிரி ஒலிக்கிறது; பெயரெச்சம் என்பது யார் மண்டையிலும் ஏறவில்லை. அட்டை இல்லாவிட்டால் அந்தக் கூரை அதிர்ச்சியை நம்பி மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். மூன்று வாரமாக அப்படித்தான் போயிருக்கிறேன்.

37 அட்டைதான் திரையில் விழுந்திருந்தது, ஒன்று விழவில்லை. நான் 38 என்றது அந்த ஒருவனையும் பிறகு கேட்டுக்கொண்டு சேர்த்த கணக்கு. கடைசி பெஞ்சு. அட்டையை ஒழுங்காகத்தான் பிடித்திருந்தான். கட்டைவிரல் மட்டும் உருவின் நடுவில். எடுடா விரலை என்றால் எடுத்து, போனைத் தூக்கியதும் மறுபடி வைத்தான். அருகில் போனேன். ‘தப்பாயிட்டா அதுல செவப்பு வரும் மிஸ்’ என்றான், என் போனைக் காட்டி. சிவப்பை நான் மட்டும்தான் பார்ப்பேன் என்று சொன்னேன். ‘நீங்க பாப்பீங்க இல்ல’ என்றான்.

தராசுக்கு நடுநிலை உண்டு. அதைப் பிடிக்கிற கையைப் பற்றிப் பவணந்தியார் தனியாக எழுதவில்லை.

முறைப்படி இவ்விடத்தில் கோட்பாட்டு மேற்கோள் ஒன்று வேண்டும். எட்கர் டேலின் அனுபவக் கூம்பை வரைந்து, படிப்பதில் பத்து விழுக்காடு, கேட்பதில் இருபது, செய்வதில் தொண்ணூறு மனத்தில் நிற்கும் என்று எழுதினால்தான் ஆய்வு முழுமை பெறும். முதல்நூலிலும் அது மூன்று வண்ணத்தில் இருக்கிறது. டேல் 1946-இல் வெளியிட்ட கூம்பில் விழுக்காடு எதுவும் கிடையாது. பின்னால் யாரோ ஒட்டியது. இடைச்செருகல் என்று இதைச் சொல்வது தமிழ் படித்தவர் கடமை. கூம்பை எண் இல்லாமல் வரைந்து காட்டினேன். ‘விவரம் முழுமையாக இல்லை’ என்று குறிப்பு வந்திருக்கிறது.

மலர் எனத்தக்க கருவி இன்னும் அகப்படவில்லை. பத்து எழுத வேண்டிய இடத்தில் ஏழுதான் தேறியது. நன்னூலில் கடைமாணாக்கருக்குச் சொன்ன ஆட்டைப் போல, ஒரு செடியில் நில்லாமல் அறுபது தளங்களில் தளத்துக்கு ஒரு தழை மேய்ந்த பிறகு வந்த கணக்கு இது. மூன்று மாலையும் முக்கால்வாசி டேட்டாவும் போயின. பிளிக்கர்ஸும் கட்டற்றதன்று, நாளைக்குப் பருத்திக்குண்டிகை ஆகலாம், மறுநாள் இறந்துபடலாம். அட்டைகளை மட்டும் தமிழய்யா வாங்கித் தன் மேசையில் வைத்திருக்கிறார். அவருடைய போனில் அந்தச் செயலி இல்லை. அட்டையைத் தூக்கச் சொல்லி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிட்டே போய்ப் படிக்கிறார்.

புறநடை

மேற்கூறிய எவ்வகையிலும் அடங்காத கருவி ஒன்று உண்டு. அது இணையக் கருவியும் அன்று, இலவசமும் அன்று.

முன்னாள் மாணவர்கள் கொடுத்த புரொஜெக்டர் ஒன்று தலைமையாசிரியர் அறைப் பீரோவில் இருக்கிறது. அதன் முதுகில் நீல நிற வி.ஜி.ஏ. ஓட்டை மட்டும். என் மடிக்கணினியில் அந்த ஓட்டை எப்போதோ உடைந்துவிட்டது, இயற்பியல்காரியுடையதில் எச்.டி.எம்.ஐ. மட்டும். இரண்டையும் இணைக்க ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், விரல் நீளம். கடைக்காரர் 350 ரூபாய் சொல்கிறார். பள்ளியில் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். எங்கள் 16 வாரத்தில் மிச்சம் இரண்டு.

இதைப் படிப்பவர் யாரிடமாவது அப்படி ஒன்று சும்மா கிடந்தால் பதினைந்து நாளைக்கு இரவல் தாருங்கள். பெயர், மின்னஞ்சல், பிறந்த ஆண்டு எதுவும் கேட்க மாட்டேன்.